13 வயது பிட்சருக்கு முழங்கை வலி: ஓய்வு போதுமா, டாமி ஜான் வரை போகுமா?

ஃபிரிஸ்கோ அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே வசிக்கிறோம். என் மகனுக்கு 13 வயது. சிறு வயதிலிருந்தே பேஸ்பால் ஆடுகிறான். கடந்த இரண்டு ஆண்டுகளாக அவன் அணியின் முதன்மையான பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) ஒருவன். வசந்த காலத்தில் ஊர் லீக் அணிக்கும், அதே வாரங்களில் வார இறுதிப் போட்டிகளுக்கு வெளியூர் செல்லும் டிராவல் அணி ஒன்றுக்கும் ஆடுகிறான். இவை போக வாரத்தில் ஒருநாள் தனிப்பயிற்சி உண்டு. பந்து வீசாத ஆட்டங்களில் பெரும்பாலும் அவனைக் கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவராக) நிறுத்துகிறார்கள். கோடையும் இலையுதிர் காலமும் போட்டிகளிலேயே கழிகின்றன. குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சி என்பதால், அவன் கை முற்றிலும் சும்மா இருக்கும் மாதம் என்று எதையும் சொல்ல முடியவில்லை.

சில வாரங்களாக, பந்து வீசிய மறுநாள் வலது முழங்கையின் உட்புறத்தில், எலும்பு புடைத்துத் தெரியும் இடத்தில், தொட்டால் வலிக்கிறது என்கிறான். வீக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டொரு நாளில் வலி அடங்குகிறது. அடுத்த ஆட்டத்தில் மூன்றாவது, நான்காவது இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஆட்டத்தின் ஒரு சுற்று) வரும்போது மீண்டும் தலைகாட்டுகிறது. டிராவல் அணியின் பயிற்சியாளர், வளரும் பிள்ளைகளுக்கு இது இயல்புதான், ஐஸ் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். அணியில் உள்ள இன்னொரு தந்தையோ, 'முழங்கை லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்தாலும் கவலையில்லை, அதைப் புதிதாகக் கட்டும் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முன்பைவிட வேகமாக வீசுகிறார்கள்' என்று கூறியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஒரு நாளில் 25 ஓவர் வீசிவிட்டு மறுநாளும் வீச வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முழங்கை லிகமெண்ட் அறுந்தது என்று கேள்விப்பட்டதில்லை. ஒரு பேஸ்பால் பிட்சர் 90 பந்து வீசினாலே இவ்வளவு அஞ்சுகிறார்களே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இந்த வலி எந்த அளவுக்குக் கவலைக்குரியது? கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து) கற்றுக்கொடுத்ததுதான் காரணமாக இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

இயன்முறை எழுதியது:

ஃபிரிஸ்கோ அப்பா அவர்களுக்கு வணக்கம். நான் ஒஹாயோவில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். வசந்த காலம் தொடங்கியதும் என்னிடம் வருவோரில் கணிசமானவர்கள் பள்ளிப் பிட்சர்கள். கையைத் தொட்டுப் பார்க்காமல் நோயை முடிவுசெய்ய முடியாது என்றாலும், நீங்கள் விவரித்தவற்றை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: மருத்துவர் பார்க்கும் வரை அவன் பந்து வீசக் கூடாது, கேட்சராகவும் நிற்கக் கூடாது. வீசும்போது வலிக்கும் முழங்கையை எந்த வயதிலும் இயல்பு என்று கருதுவதற்கில்லை. தசை அலுப்பு வேறு, எலும்புப் புடைப்பின் மேல் விரல் வைத்தால் வலிப்பது வேறு.

இந்த வயதில் பெரும்பாலும் அறுவது லிகமெண்ட் அன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கை எலும்பின் கீழ்முனையில், உட்புறமாக நீங்கள் தொட்டுணரும் அந்தப் புடைப்பு, 13 வயதுப் பையனுக்கு இன்னும் தாய் எலும்போடு முழுமையாக இணைந்திருக்காது. இடையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. பையன்களுக்கு அது மூடி இறுக ஏறத்தாழ 15 முதல் 17 வயதாகும். விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளும், முழங்கையின் உட்பக்க லிகமெண்டும் அதே புடைப்பில்தான் பற்றியிருக்கின்றன. ஒவ்வொரு வீச்சிலும் அவை அந்த இடத்தை இழுக்கின்றன. வளர்ந்தவருக்கு இந்தச் சங்கிலியில் மெலிந்த கண்ணி லிகமெண்ட். சிறுவனுக்கு வளர்ச்சித் தட்டு. எனவே அது எரிச்சலடைந்து அகலத் தொடங்குகிறது. 'லிட்டில் லீக் எல்போ' என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்நிலையில் நிறுத்தினால் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும். நிறுத்தாமல் வீசினால், ஒருநாள் ஒரே வீச்சில் அந்தப் புடைப்பே பிய்ந்து விலகிவிடக்கூடும். அப்போது திருகு வைத்துப் பொருத்த வேண்டிய நிலை வரலாம்.

முழங்கையின் வெளிப்புறத்தில் வலி இருந்தாலோ, கையை முழுமையாக நீட்ட முடியாமல் போனாலோ, மூட்டு சிக்கிக்கொள்வதுபோல் இருந்தாலோ, மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். உட்புறம் விரியும்போது வெளிப்புறத்தில் எலும்புகள் ஒன்றையொன்று நசுக்குகின்றன. அங்கே குருத்தெலும்புக்குக் கீழுள்ள எலும்பு நலிந்து துண்டாக உதிரும் ஒரு நிலை உண்டு. லிட்டில் லீக் எல்போவைவிட அதைக் கண்டு நான் அதிகம் அஞ்சுவேன்.

இனி உங்கள் கிரிக்கெட் கேள்விக்கு வருகிறேன். கிரிக்கெட் பந்துவீச்சில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது ஐ.சி.சி. விதி, கை ஏறக்குறைய நீட்டிய நிலையிலேயே வட்டமாகச் சுழல்கிறது, ஓடிவரும் வேகமும் பந்தோடு சேர்ந்துகொள்கிறது. பேஸ்பாலில் பிட்சர் நின்ற இடத்திலிருந்து வீசுகிறார். முழங்கை செங்கோணத்தை ஒட்டி மடிந்திருக்க, முன்கை முதுகுப்புறமாகச் சாய்ந்து, பிறகு தோள் உட்புறமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியின் வேகம் நொடிக்கு 7,000 பாகையைத் தாண்டும் என்று அளந்திருக்கிறார்கள். முன்கை பின்னே தங்க, மேற்கை முன்னே திரும்பும் அந்தக் கணத்தில்தான் முழங்கையின் உட்புறம் பிளக்கப்படுகிறது. வளர்ந்த பிட்சர்களிடம் அந்தத் திருகுவிசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர். இறந்தவர் உடலிலிருந்து எடுத்துச் சோதித்த லிகமெண்டோ ஏறத்தாழ 32 நியூட்டன் மீட்டரிலேயே அறுந்தது. மிச்சச் சுமையை முன்கைத் தசைகளும் எலும்புகளின் பொருத்தமும் தாங்குகின்றன. ஆகவே தசை களைத்துப்போனால், அது விட்ட பங்கு லிகமெண்டின் மேலும், சிறுவனாக இருந்தால் வளர்ச்சித் தட்டின் மேலும் ஏறுகிறது. உங்கள் மகனுக்கு வலி முதல் இன்னிங்ஸில் வராமல் மூன்றாவது, நான்காவதில் வருவதற்கான விளக்கம் இதுவாக இருக்கலாம்.

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளருக்கு அந்தச் சுமை வேறிடத்தில், பெரும்பாலும் கீழ்முதுகில் இறங்குகிறது. பும்ராவுக்கு முதுகெலும்பில் விரிசல் ஏற்பட்டு 2023இல் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்ததை அறிந்திருப்பீர்கள். ஜோஃப்ரா ஆர்ச்சருக்கு முழங்கையிலேயே சிகிச்சை நடந்தது உண்மை. ஆனால் அது லிகமெண்ட் அறுந்ததால் அன்று, எலும்பில் ஏற்பட்ட சிக்கலால்.

கர்வ்பாலைப் பொறுத்தவரை, பெற்றோர் எல்லோரும் முதலில் அதைத்தான் குற்றஞ்சாட்டுகிறார்கள். ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது, கர்வ்பால் முழங்கையில் ஏற்றும் விசை ஃபாஸ்ட்பாலைவிட (முழு வேகத்தில் வீசும் நேர்ப்பந்தைவிட) அதிகமாக இல்லை. ஃபாஸ்ட்பாலும் சேஞ்சப்பும் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) கைக்குள் வந்த பிறகு கர்வ்பால் கற்கட்டும் என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் கர்வ்பாலைத் தடைசெய்துவிட்டு, ஆண்டு முழுவதும் இரண்டு அணிகளுக்கு ஃபாஸ்ட்பால் வீச விடுவதால் கை காப்பாற்றப்படாது. அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட 95 பதின்வயதுப் பிட்சர்களைக் காயமில்லாத 45 பேரோடு ஒப்பிட்டு 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டில் 8 மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்கு அறுவை சிகிச்சை நேரும் வாய்ப்பு 5 மடங்கு. ஓர் ஆட்டத்தில் 80 பந்துக்கு மேல் வீசியவர்களுக்கு ஏறத்தாழ 4 மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு 36 மடங்கு. நான் பெற்றோரிடம் முதலில் சொல்வது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

குழந்தைகளுக்கான எலும்பியல் மருத்துவரிடமோ, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பியல் மருத்துவரிடமோ செல்லுங்கள். இரு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். வளர்ச்சித் தட்டு அகன்றிருப்பது மற்றக் கையோடு ஒப்பிட்டால்தான் பல சமயம் தெரிகிறது.

---

பழைய டாட்ஜர்ஸ் ரசிகர் எழுதியது:

அந்தத் தந்தை சொன்ன 'முன்பைவிட வேகமாக' என்ற நம்பிக்கையைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன், ஏனெனில் அது ஒருவரின் கருத்து அன்று, பரவிக்கிடக்கும் கருத்து. 2012இல் வெளியான ஒரு கருத்தாய்வில், காயமே இல்லாதவருக்கும் திறனைக் கூட்டுவதற்காக இந்த அறுவை சிகிச்சையைச் செய்யலாம் என்று உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களில் 51 விழுக்காட்டினரும், பெற்றோரில் 37 விழுக்காட்டினரும், பயிற்சியாளர்களில் 30 விழுக்காட்டினரும் கூறியிருந்தார்கள். இத்தகைய பயிற்சியாளர்களிடம்தான் பிள்ளைகளை ஒப்படைக்கிறோம்.

சிகிச்சையின் தொடக்கம் மிக எளிமையானது. 1974ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை பிட்சர் டாமி ஜானுக்கு ஆட்டத்தின் நடுவே முழங்கை லிகமெண்ட் அறுந்தது. அதுவரை அது ஆட்ட வாழ்வின் முடிவு. அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கையின் இரு எலும்புகளிலும் துளையிட்டு, அதன் வழியே கோத்து, அறுந்த லிகமெண்டின் இடத்தில் கட்டினார். அவர் மீண்டும் ஆட நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று ஜோப் கணித்தார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து, 1989 வரை, தம் 46ஆம் வயது வரை வீசினார். அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. இந்தக் கதை அழகாக இருப்பதாலேயே வந்த தொல்லை என்று எனக்குத் தோன்றும். முதல் நோயாளியே இப்படித் திரும்பிவராமல் போயிருந்தால், இன்று பெற்றோர் அதை வண்டிக்கு டயர் மாற்றுவதுபோல் பேசியிருக்க மாட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேகம் கூடியதாகத் தெரிவதற்கு எளிய விளக்கங்கள் உண்டு. அறுவதற்கு முந்தைய மாதங்களில் அரைகுறைக் கையோடு வீசிய வேகத்தோடு ஒப்பிடுகிறார்கள். மறுவாழ்வுப் பயிற்சியில் ஓராண்டு கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் ஒழுங்காக வலுப்படுத்துகிறார்கள். பதினேழு வயதுப் பையனாக இருந்தால் அந்த ஓராண்டில் அவன் வளரவும் செய்கிறான். புதிய தசைநாணுக்கு வேகத்தை உண்டாக்கும் ஆற்றல் கிடையாது. அது வெறும் கட்டு.

திரும்பி வராதவர்களின் பெயர் யாருக்கும் நினைவிருப்பதில்லை. நன்கு அறியப்பட்ட ஒரு பெரிய தொடர் ஆய்வில் 83 விழுக்காட்டினர் பழைய நிலைக்கோ அதற்கு மேலோ திரும்பினார்கள். நல்ல எண்தான், ஆனால் ஆறில் ஒருவர் திரும்பவில்லை என்றும் அதைப் படிக்கலாம். புதிய லிகமெண்ட் என்றென்றைக்கும் நிற்கும் என்பதும் இல்லை. பெரிய லீக்கின் (அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறை பேஸ்பாலின்) பிட்சர் ஜேக்கப் டிகிராம் 2010இல் செய்துகொண்டு 2023இல் மீண்டும் செய்துகொண்டார். ஜப்பானிய நட்சத்திரம் ஓஹ்தானிக்கு 2018இல் ஒன்று, 2023இல் இன்னொன்று. உலகின் தலைசிறந்த மருத்துவமும் பயிற்சியும் சூழ இருப்பவர்களின் நிலை இது.

2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இந்த அறுவை சிகிச்சைகளைக் காப்பீட்டுத் தரவுகளிலிருந்து எண்ணியபோது, பாதிக்கும் மேல், ஏறத்தாழ 57 விழுக்காடு, 15 முதல் 19 வயதினருக்குச் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் நோயாக இருந்தது பள்ளிப் பிள்ளைகளின் நோயாகிவிட்டது. இதைச் செய்துகொண்ட பிட்சர்களில் முதலாவதாக ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் புகழரங்கில்) நுழைந்த ஜான் ஸ்மோல்ட்ஸ், 2015இல் தம் ஏற்புரையின் ஒரு பகுதியைப் பெற்றோருக்கென்றே ஒதுக்கி, பேஸ்பால் ஆண்டு முழுவதும் ஆடும் ஆட்டம் அன்று என்று எச்சரித்ததும் இதனால்தான்.

---

வேகம் முக்கியம் எழுதியது:

மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். எனினும் நடைமுறையையும் யாராவது சொல்ல வேண்டும். உதவித்தொகை கொடுத்து ஆள் எடுக்கும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மணிக்கு 80 மைல் வீசும் பையன் எவ்வளவு துல்லியமாக வீசினாலும் ஷோகேஸில் (பயிற்சியாளர்களுக்குத் திறனைக் காட்டும் நிகழ்ச்சியில்) அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் எடை கூடிய பந்துகளைக் கொண்டு பயிற்சி செய்து வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கையில், நம் பிள்ளை மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவன் இடத்தை இன்னொருவன் எடுத்துக்கொள்வான். பெரிய லீக்கில் 2008இல் சராசரி ஃபாஸ்ட்பால் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2 மைல். ஆட்டம் அந்தத் திசையில்தான் போகிறது. எந்த விளையாட்டில்தான் காயமில்லை?

---

இயன்முறை எழுதியது:

நீங்கள் எடுத்துக்காட்டிய அதே 91.3, 94.2 என்ற எண்கள்தாம் பெரிய லீக் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட காய அறிக்கையிலும் இடம்பெற்றிருக்கின்றன, காயங்கள் பெருகியதற்கான காரணமாக. வேகத்தை விரட்டுவதும், ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு வீசுவதும், அந்த வழக்கம் சிறுவர் ஆட்டத்துக்கும் இறங்கிவிட்டதும் சேர்ந்தே கைகளை முறிக்கின்றன என்பது அதன் முடிவு. முன்பு பிட்சர்கள் வலுவைச் சேமித்து, தேவையான பந்துக்கு மட்டும் முழு வேகத்தைக் கொடுத்தார்கள். இப்போது பன்னிரண்டு வயதில் ரேடார் கன்னுக்கு முன்னால் நிற்பவனுக்குச் சேமிக்கும் பந்து என்று ஒன்றும் இல்லை.

எடை கூடிய பந்துகளைப் பற்றி: 13 முதல் 18 வயது வரையுள்ள பிட்சர்களிடம் ஆறு வாரம் சோதித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. வேகம் 3.3 விழுக்காடு கூடியது. அந்தப் பந்துகளால் பயிற்சி செய்தவர்களில் 24 விழுக்காட்டினருக்குக் காயம் ஏற்பட்டது. வழக்கமான பயிற்சி செய்த மறு குழுவில் ஒருவருக்கும் இல்லை. எலும்பு முதிராத கையில் அந்த 3.3 விழுக்காட்டை வாங்குவதற்கு அந்த விலை தகுமா என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தாமே எண்ணிப் பார்க்கட்டும். என் கருத்து, தகாது.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத ஒன்று உண்டு. முதல் பிரிவுக் கல்லூரி பேஸ்பால் அணி ஒன்றுக்கு நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டது மொத்தம் 11.7 உதவித்தொகைதான், அதை இருபத்தைந்து, முப்பது பேருக்குத் துண்டு துண்டாகப் பகிர்ந்தார்கள். புதிய முறையில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு 2025இல் நீக்கப்பட்டு, அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதனால் எல்லாக் கல்லூரிகளும் முழுத்தொகை தரப்போகின்றன என்று பொருளில்லை. டிராவல் அணிக்கும் தனிப்பயிற்சிக்கும் ஆண்டுதோறும் செலவிடுவதைச் சேர்த்துவைத்தாலே படிப்புச் செலவில் ஒரு பகுதி தேறும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

---

அட்லாண்டா அம்மா எழுதியது:

என் மகனுக்கு 17 வயதில் இந்த அறுவை சிகிச்சை நடந்தது. அது எப்படியிருக்கும் என்று எழுதினால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை உள்நோக்கி மடக்கினால், பெரும்பாலானவர்களுக்கு நடுவில் ஒரு நரம்புபோல் விண்ணென்று எழுந்து நிற்கும். அதுதான் மருத்துவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தசைநாண். சிலருக்கு அது பிறவியிலேயே இருப்பதில்லை, இல்லாததால் எந்தக் குறையும் இல்லை. என் மகனுக்கு இரண்டு கையிலும் இல்லாததால் தொடையின் உட்புறத் தசைநாணை எடுத்தார்கள். ஆகவே அவன் மயக்கம் தெளிந்து எழுந்தபோது கையோடு காலிலும் கட்டு இருந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தும் அவனுக்கு அதிர்ச்சிதான்.

கையைச் சிறிது சிறிதாக நீட்ட அனுமதிக்கும் கீல் வைத்த உறையை முதல் வாரங்களில் போட்டிருந்தான். பல் துலக்குவதும் எழுதுவதும் இடக்கையில். நான்கைந்து மாதம் கழித்துத்தான் பந்தை மெதுவாகத் தூக்கி எறிய விட்டார்கள். அதுவும் குறிப்பிட்ட தூரம், குறிப்பிட்ட எண்ணிக்கை, ஒருநாள் விட்டு ஒருநாள். மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேட்டில்) ஏறி வீசுவதற்கு அதற்குப் பிறகும் பல மாதமாயிற்று. முழுப் போட்டிக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம் என்று எங்களிடம் முதலிலேயே கூறியிருந்தார்கள். பள்ளி ஆட்டக்காரனுக்கு அது ஒரு முழுப் பருவம், சில சமயம் பள்ளியின் கடைசிப் பருவம். என் மகன் சுண்டு விரல் மரத்துப்போவதாகச் சொல்லி எங்களைக் கலங்கடித்த நாட்களும் உண்டு. முழங்கையின் உட்புறத்தில் ஓடும் நரம்பு அந்த லிகமெண்டுக்கு மிக அருகில் இருப்பதால் அது நேரக்கூடியது என்று பிறகு விளக்கினார்கள். அவனுக்குத் தானாகவே சரியாயிற்று.

கை தேறியது. ஆனால் உடன் ஆடியவர்கள் பேருந்தில் ஏறிப் போகும்போது, அவன் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு தனியே நின்ற மாதங்களைப் பற்றி எந்த மருத்துவரும் எங்களுக்கு எச்சரிக்கை தரவில்லை. அறுவை சிகிச்சை நாளைவிட அதுதான் வீட்டில் கடினமாக இருந்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறான். பொழுதுபோக்காக முதல் பேஸில் நின்று ஆடுகிறான், பிட்ச் செய்வதில்லை. அது அவன் எடுத்த முடிவு.

லிகமெண்ட் முழுதும் நைந்துபோகாமல் ஒரு முனையில் மட்டும் பிய்ந்திருந்தால், அதையே தைத்து, மேலே வலுவான நாடா ஒன்றைத் துணையாகப் பதிக்கும் முறையும் இருக்கிறது. அதில் சீக்கிரம் திரும்பலாம் என்றார்கள். என் மகனின் லிகமெண்ட் நடுவில் நைந்திருந்ததால் எங்களுக்கு அந்த வழி இல்லை. யாருக்காவது தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

---

ஃபிரிஸ்கோ அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டோம். 'இயன்முறை' அவர்கள் கூறியபடியே இரு கைகளையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலக்கையில் வளர்ச்சித் தட்டு இடக்கையைவிடச் சற்று அகன்றிருக்கிறது, பிய்ந்து விலகவில்லை. ஒன்றரை மாதமாவது பந்தைத் தொடக் கூடாது. வலி முழுதும் நின்ற பிறகு படிப்படியான வீச்சுப் பயிற்சி. இந்த ஆண்டு முடியும் வரை கேட்சர் வேலை கிடையாது என்றார். மகன் அழுதான், ஆனால் மருத்துவர் படத்தைக் காட்டி அவனிடமே நேராகப் பேசியதால் ஏற்றுக்கொண்டான்.

ஊர் லீக்கில் பிட்ச் கவுண்ட் (வீசிய பந்துகளின் எண்ணிக்கை) எழுதிவைக்கிறார்கள், டிராவல் அணியில் போட்டிக்குப் போட்டி விதி மாறுகிறது. இரண்டையும் சேர்த்து யார் பார்ப்பது? திரும்ப ஆட ஆரம்பிக்கும்போது எந்தக் கணக்கைப் பின்பற்றலாம்?

---

பழைய டாட்ஜர்ஸ் ரசிகர் எழுதியது:

சேர்த்துப் பார்ப்பவர் யாரும் இல்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும். சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007இல் இன்னிங்ஸ் கணக்கைக் கைவிட்டுப் பந்துக் கணக்குக்கு மாறியது. அதன்படி 13 முதல் 16 வயதினர் ஒருநாளில் 95 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 11, 12 வயதினருக்கு 85. உங்கள் மகன் வயதில் 66 பந்து அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒருநாள். உயர்நிலைப் பள்ளிகளுக்கும் 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் பந்துக் கணக்கு விதி வைத்திருக்க வேண்டும் என்று தேசியக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது. ஆனால் இந்த விதிகள் ஒவ்வொன்றும் அதனதன் வேலிக்குள் மட்டுமே செல்லும். வியாழக்கிழமை ஊர் லீக்கில் 70 பந்து வீசிய பையன் சனிக்கிழமை டிராவல் போட்டியில் மவுண்டில் நின்றால், அந்த நடுவருக்கு வியாழக்கிழமை நடந்தது தெரிய வழியில்லை.

இதற்காகவே பெரிய லீக் நிர்வாகமும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் பிட்ச் ஸ்மார்ட் என்ற பரிந்துரைகளை வெளியிட்டன. அவற்றில் 13, 14 வயதினருக்கு, எல்லா அணிகளையும் கூட்டி, 12 மாதத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. அந்த 100 சும்மா தேர்ந்தெடுத்த எண் அன்று. 481 சிறுவர் பிட்சர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், ஆண்டுக்கு 100 இன்னிங்ஸைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்காக இருந்தது. ஆண்டில் நான்கு மாதம் பிட்ச் செய்யக் கூடாது, அதில் தொடர்ச்சியாக இரண்டு மூன்று மாதம் தலைக்கு மேல் கை உயர்த்தி எறியும் எந்த ஆட்டமும் கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு அணிக்கு ஆடக் கூடாது. பிட்ச் செய்யாத நாளில் கேட்சர் வேலை வேண்டாம். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்களைப்போல் ஆண்டு முழுவதும் வெயில் காயும் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு நான்கு மாத ஓய்வுதான் பெரும் சிக்கல், மைதானம் மூடுவதே இல்லை. வெப்ப மாநிலங்களில் வளர்ந்த பெரிய லீக் பிட்சர்களுக்கு இந்த அறுவை சிகிச்சை அதிகமாகவும் இளம் வயதிலேயும் நேர்கிறது என்று ஆய்வே இருக்கிறது. மினசோட்டாவில் பனி செய்யும் வேலையை டெக்சாஸில் தந்தைதான் செய்ய வேண்டும்.

ஜப்பானைப் பார்த்தால் மாற முடியும் என்பதும் தெரிகிறது, எவ்வளவு தாமதமாகும் என்பதும் தெரிகிறது. கோஷியன் பள்ளிப் போட்டியில் 1998இல் மட்சுசாகா 17 இன்னிங்ஸில் 250 பந்து வீசியதை நாடே வீரமாகக் கொண்டாடியது. 2013 வசந்தப் போட்டியில் அன்ராகு என்ற 16 வயதுப் பையன் ஒன்பது நாளில் 772 பந்து வீசினான். 2018 கோடையில் யோஷிதா 881 பந்து வீசினார். அதற்குப் பிறகே, 2020இல், வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு வந்தது. அதுவும் எனக்கு அதிகமாகவே படுகிறது.

---

இயன்முறை எழுதியது:

செய்முறையாக இரண்டு சொல்கிறேன். கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்து, எந்த அணிக்கு என்று பார்க்காமல், தேதி, பந்து எண்ணிக்கை, மறுநாள் கை எப்படி இருந்தது என்ற மூன்றை மட்டும் குறியுங்கள். ஆட்டக் கணக்கில் சூடேற்றும் பந்துகளும் தனிப்பயிற்சியில் வீசுபவையும் சேர்வதில்லை. உங்கள் பட்டியலில் அவற்றையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது நிரலை மகனே நிரப்பட்டும். வலியை மறைத்தால் அடுத்த ஆட்டத்தில் இடம் கிடைக்கும் என்று இருக்கும் வரை பிள்ளைகள் மறைப்பார்கள். ஆகவே 'வலிக்கிறதா' என்று கேட்பதைவிட, 'பந்து எங்கே விழ ஆரம்பித்தது' என்று கேளுங்கள். களைத்த கையில் முதலில் கெடுவது துல்லியம்: பந்து உயரே போகும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும், பந்துக்கும் பந்துக்கும் இடையே நேரம் எடுத்துக்கொள்வான். எண்ணிக்கை 40இல் இருந்தாலும் இவற்றைக் கண்டால் அன்றைக்கு அவனைப் பந்துவீச்சிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

டிராவல் பயிற்சியாளரிடம் மருத்துவரின் கடிதத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் தாளாகவே கொடுத்துவிடுங்கள். அவர் அதைக் கண்டு முகம் சுளித்தால், இலையுதிர் காலப் போட்டிகளுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.